ஒன்பது டிக் வாங்கிய பெட்டி

"இது ரெண்டையும் கம்பேர் பண்ணவே கூடாது சார்" என்றாள் ஹேமலதா.

"பண்ணதே நீதானேம்மா" என்றார் ராமமூர்த்தி.

அவர் சொன்னதில் பொய் இல்லை.

லாங் பஜாருக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கம்பெனியின் வேலூர் ஆபீஸ். கீழே ஒரு தள்ளுவண்டி தெருவை அடைத்து நிற்க, அதன் பின்னால் டூவீலர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன. மேலே, மேஜையின் ஒரு பக்கம் பர்ச்சேஸ் மேனேஜர் ராமமூர்த்தி, எதிரே ஹேமலதா. சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம்.

ஆம்பூரைத் தாண்டி கம்பெனிக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சுற்றுப்பட்டில் தோல் பதனிடும் டேனரிகள் துப்பும் கழிவுநீர் அத்தனையும் அங்கேதான் வந்து சேரும். அங்கே ஒயர் வைத்த பொருள் எதுவானாலும் ஹேமலதாதான் பொறுப்பு. மீட்டர், சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம்.

நீர் முதலில் வந்து விழுவது ஒரு பெரிய தொட்டியில். அடியில் சேறு. சேற்றைக் கிளறினால் வாயு கிளம்பும். கம்மியாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். ஜாஸ்தியானால் நாற்றமே தெரியாது. மூக்கு முதலில் சாகும், ஆள் அடுத்து.

அந்தத் தொட்டிக்குக் காவல் ஒரு பெட்டி. பேனல் ரூம் அலமாரியில், ஷூ டப்பா அளவில், கறுப்பாக இருக்கும். லினக்ஸ் சர்வர் என்கிற சின்னக் கம்ப்யூட்டர். தொட்டிக்குள் தொங்கும் சென்சாரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். வாயுவின் அளவு பத்தைத் தொட்டால் சைரனை அலற விட்டு, பெரிய ஃபேனையும் ஓட விடும். இன்டர்நெட் வேண்டாம். யாரையும் கேட்காது. அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதியது ஹேமலதா.

வினை ஒரு காலிக் கட்டத்தில் ஆரம்பித்தது.

நிலையத்தின் கணக்குகளை எந்த நேரமும், எந்த ஊரிலிருந்தும் பார்க்க வசதி வேண்டும் என்று மேலிடம் சொன்னது. அதற்கு வாடகைக்குக் கிடைக்கும் டேட்டா ஸ்ட்ரீமிங் சர்வீஸ் சரிப்படும் என்று ஹேமலதாவே சிபாரிசு செய்தாள். சென்சார் சொல்வதை எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டு போகும், அங்கிருந்து எல்லோருடைய போனுக்கும் அனுப்பும். நல்ல சர்வீஸ்தான். ஆனால் கொட்டேஷன் ஒன்றுதான் வந்தது. கம்பெனியில் எதை வாங்கினாலும் 'கம்பேரிட்டிவ்' வேண்டும். ஒரே தாளில் பக்கத்துப் பக்கம் இரண்டு பொருள், வரிக்கு வரி டிக். ஒரு ஸ்க்ரூ டிரைவருக்குக்கூட அப்படித்தான்.

"ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா முதலாளி கையெழுத்து போட மாட்டார். எதையாவது போடும்மா" என்றார் ராமமூர்த்தி அன்றைக்கு.

எதையாவது போட்டாள். ஏற்கெனவே வைத்திருக்கும் லினக்ஸ் சர்வரைப் போட்டாள்.

வெளியூரிலிருந்து பார்க்க முடியுமா? சர்வீஸுக்கு டிக். டேட்டா பெருகினால் தானாக இடம் பெருகுமா? டிக். பராமரிக்க நம் ஆள் தேவையில்லையா? டிக். பதினெட்டு டிக் சர்வீஸுக்கு, ஒன்பது டிக் பெட்டிக்கு. ஆளைக் காப்பாற்றுமா என்று ஒரு வரி அதில் இல்லை. அந்த ஃபார்மில் அப்படி ஒரு வரி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஃபைல் கீழே இறங்கி வந்தபோது முதலாளியின் பச்சை மசி எழுத்து: 'அதிக டிக் வாங்கியதை எடுக்கவும். மற்றதை நீக்கவும்.'

நேற்று சாயங்காலம் அதைப் பார்த்தாள். இன்றைக்குக் காலையில் பாகாயத்து வீட்டிலிருந்து ஆம்பூர் பஸ் ஏறாமல் நேராக இங்கே வந்துவிட்டாள்.

"சார், நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க. தோல் ஏத்திட்டுப் போற லாரி இருக்கு. தோல் ஊற வைக்கிற டிரம் இருக்கு. ரெண்டையும் ஒரு தாள்ல எழுதி, எது வேகமா ஓடும்னு கேட்டா லாரிக்குத்தான் டிக் விழும். அதுக்காக டிரம்மைத் தூக்கிப் போட்டுட்டு லாரிலயா தோல் ஊற வைப்பீங்க?"

ராமமூர்த்தி சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. போன வருஷம் அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் தானே வந்து ரத்தம் கொடுத்தவர்.

"நல்லாத்தான் பேசற. ஆனா இங்க பாரு." சுவரைக் காட்டினார். "எவ்ளோ அழகா இருக்கு பாரும்மா. நீ ஆம்பூர்ல உக்காந்து பார்க்கறத நான் லாங் பஜார்ல உக்காந்து பார்க்கறேன். வாயு ஏறினா செகண்டுல போனுக்கு மெசேஜ் வரும், சைரனையும் அங்கேருந்தே அடிக்கலாம்னு அந்தக் கம்பெனிப் பையன் சத்தியம் பண்றான். உன் பெட்டி செய்யறத எல்லாம் இதுவும் செய்யுது. அப்புறம் என்ன?"

சுவரில் புது சர்வீஸின் பச்சை நிறக் கட்டங்கள்; பெட்டியோடு சேர்ந்து சோதனைக்கு ஓடுகிறது என்று ஹேமலதா நினைத்திருந்தாள். மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி வாயு: 4. பச்சை.

"செய்யுது சார். இன்டர்நெட் இருக்கிற வரைக்கும் செய்யும். சென்சார் சொல்றது நூறு ஊர் சுத்திட்டுத் திரும்பி வந்து நம்ம சைரனை அடிக்கணும். வழியில எங்க அறுந்தாலும் போச்சு. பெட்டி அங்கேயே, பக்கத்துலயே உக்காந்திருக்கு. சர்வீஸ் வேணும். பெட்டியும் வேணும். நீக்கறதுங்கற பேச்சே..."

போன் அடித்தது. தேவசகாயம்.

தொட்டிக்குள் இறங்கும் ஆள் அவர். அவருடைய அண்ணன் வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு குழியில் இறங்கி உயிர் விட்டவர். அதனால் தேவசகாயத்துக்கு ஒரு வைராக்கியம். ஹேமலதா வாயால் சொல்லாமல் ஏணியில் கால் வைக்க மாட்டார். கையில் பிடித்து வாயுவைப் பார்க்கும் மீட்டர் ரிப்பேருக்குப் போய் ஒரு மாசமாகிறது. அதிலிருந்து இந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிட்டது.

"இன்னா மேடம், வேலூரா? பிரியாணி சாப்பிடாம வந்துடாதீங்க, பாவம் புடிச்சுக்கும்."

"ஆம்பூர்க்காரர் வேலூர்ல பிரியாணி சாப்பிடச் சொல்றீங்க. உங்களத்தான் ஊர விட்டுத் தள்ளி வைக்கணும்."

மறுமுனையில் வெடிச் சிரிப்பு. "ஃபோர்மேன் ஆபித் பாய் தொழுகைக்குக் கிளம்பிட்டாரு. மேடத்தக் கேட்டுட்டு இறங்குன்னாரு. தண்ணி நின்னுடுச்சு. பாண்டியன் கயிறு புடிக்கிறான். பொட்டி இன்னா சொல்லுது?"

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம். டேனரிகளில் டிரம்கள் நிற்கும் நேரம். வாரத்தில் அந்த ஒரு பொழுதுதான் தொட்டிக்குள் தண்ணீர் வருவது நிற்கும். அடியில் அடைத்த சேற்றை வாரி எடுக்க இறங்குவதும் அப்போதுதான். தண்ணீர் வராததால் வாயுவும் அசையாமல் ஒரே எண்ணில் கிடக்கும்.

ஹேமலதா சுவரைப் பார்த்தாள். நாலு. பச்சை. அசையவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் அப்படித்தான் இருக்கும்.

"நாலுண்ணா. இறங்கலாம்."

"சரி மேடம். கர்த்தர் உண்டு, உங்க பொட்டியும் உண்டு." வைத்துவிட்டார்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ராமமூர்த்தியின் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தீங்களா சார்? ஒரு மனுஷன் உயிரோட விளையாட்டு. எந்த தைரியத்துல இறங்குன்னு சொல்றேன்? நான் பார்க்கத் தவறினாலும் பெட்டி பார்க்கும். அந்த சைரன் இருக்குன்னுதான்."

ராமமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ லேட்டும்மா. காலைல ஷிஃப்டுக்கு முன்னாடியே வந்து கழட்டிட்டாங்களே."

"எதை?"

"உன் பெட்டியத்தான். சென்சார் ஒயரை எல்லாம் புதுசுல மாட்டிட்டாங்க. கையெழுத்து ஆனதுக்கப்புறம் நான் எப்படித் தள்ளிப் போடறது? சைரன், ஃபேன் கனெக்ஷன் மட்டும் திங்கட்கிழமை வந்து தர்றேன்னிருக்கான்."

பயப்படாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சைரன் இல்லை. சரி. ஆனால் எண் இருக்கிறது. நாலு. பச்சை. கண் எதிரே இருக்கிறது.

மறுபடி சுவரைப் பார்த்தாள். இந்தத் தடவை முழுத் திரையையும்.

வாயு நாலு. அதற்குக் கீழே இன்னொரு கட்டம். 'உள்ளே வரும் நீர்'. அதுவும் பச்சை. அதில் எண், டிரம்கள் எல்லாம் முழு மூச்சில் ஓடும்போது வருகிற எண்.

தண்ணி நின்னுடுச்சு என்றார் தேவசகாயம்.

ஜும்மா நேரத்தில் அந்தக் கட்டம் பூஜ்யமாக இருக்க வேண்டும். எந்த வெள்ளிக்கிழமையும் அது பூஜ்யம். மூலையில் ஓடுகிற கடிகாரம் புரொஜெக்டரோடு சேர்த்த லேப்டாப்புடையது. அது ஓடும். ஓடிக்கொண்டே இருக்கும். கட்டங்கள் நின்று எவ்வளவு நேரமாயிற்றோ.

"சார், இது பழசு" என்றாள். "இது காலைல வந்த படம் சார். லைன் எங்கேயோ அறுந்திருக்கு."

போனை எடுத்தாள். தேவசகாயம். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

எடுக்க மாட்டார். இறங்கும்போது போனைச் சாப்பாட்டுப் பையில் போட்டு, பையை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

பாண்டியன். மணி போனது.

அவனும் எடுக்க மாட்டான். கயிறு பிடிக்கிறவன் போனைத் தொடக் கூடாது. கவனம் சிதறினால் உயிர் போகும். தொட்டிச் சுவரில் சிவப்புப் பெயின்டில் அப்படி எழுத வைத்தவளே அவள்தான். ஒரு தடவை மீறினான் என்று அவனை எல்லோர் எதிரிலும் கிழித்தெடுத்திருக்கிறாள். அதற்கப்புறம் பாண்டியன் மீறியதில்லை.

ஃபோர்மேன் ஆபித் பாஷா. மணி போனது. பள்ளிவாசலில் இருப்பார், போனை சைலன்டில் போட்டு.

எல்லோரும் ஒழுங்காக, விதிப்படி இருந்தார்கள். ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை.

"கேட்டுக்குப் போடும்மா, கேட்டுக்கு!" ராமமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது.

கேட்டில் செக்யூரிட்டி சௌந்தரம். முதல் தடவை பிஸி. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"இன்னா ஹேமா, சாப்ட்டியா?"

"அக்கா, ஓடு! தொட்டிக்கு ஓடு! தேவண்ணன வெளிய எடுக்கச் சொல்லு! கயித்த இழுக்கச் சொல்லு! வெக்காத, போனோடயே ஓடு!"

சௌந்தரம் ஏன் என்று கேட்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம். மூச்சு. கேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் நீளமான ஷெட் ஒன்று இருக்கிறது. ஹேமலதா மனசுக்குள் அவளோடு கூடவே ஓடினாள். உப்பு மூட்டைகள். பம்ப் ரூம். திருப்பம். ஏணி.

"பாண்டியா!" சௌந்தரத்தின் அலறல். "டேய் பாண்டியா! இறங்காதடா!"

"அண்ணன் விழுந்துட்டாருக்கா! வுடுக்கா! குரல் குடுக்க மாட்டேங்கிறாரு! வுடு!"

"அக்கா, அவன விடாத!" ஹேமலதா கத்தினாள். "சட்டையப் புடி! அவன் இறங்கினா அவனும் போய்டுவான்! மேல இருந்தே இழுங்க!"

போன் எங்கோ தரையில் விழுந்தது. துணி கிழியும் சத்தம். அடிக்கும் சத்தம். சௌந்தரம் பாண்டியனைக் கன்னத்தில் அறைந்தாளா, அவன் இவளைத் தள்ளினானா, தெரியவில்லை. அப்புறம் ஆள்கள் ஓடி வரும் சத்தம். லாரி டிரைவர்களாக இருக்கும். "இழு... இழு... ஏணில மாட்டிக்கிச்சு, கொஞ்சம் வுடு... இப்ப இழு..."

ராமமூர்த்தி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே தள்ளுவண்டிக்கு வழி கிடைத்துவிட்டது போல, ஹாரன்கள் ஓய்ந்திருந்தன.

வெகு நேரம் கழித்துச் சௌந்தரம் போனை எடுத்தாள்.

"மேல கொண்ணாந்துட்டோம் ஹேமா."

"மூச்சு?"

"கண்ணு தொறந்துதான் இருக்கு." பின்னால் பாண்டியன் கேவிக்கேவி அழுவது கேட்டது.

ராமமூர்த்தி தட்டுத் தடுமாறி புரொஜெக்டரை அணைக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள் ஹேமலதா.

சுவரில் நாலு. பச்சை.

ஆம்பூருக்குக் கிளம்பிய காரில் ராமமூர்த்தியும் அவளும் பின் சீட்டில். பள்ளிகொண்டா வந்தது. தாண்டியதும் ராமமூர்த்தி டிரைவருக்குக் கேட்காத குரலில் ஆரம்பித்தார்.

"ஹேமா, போலீஸ் கேப்பாங்க. யாரு இறங்கச் சொன்னதுன்னு கேப்பாங்க."

"ம்."

"அவரா இறங்கிட்டாருன்னு சொல்றதுல யாருக்கும் நஷ்டமில்ல. உன் வேலை, உன் அம்மா... அவங்க குடும்பத்துக்கு நான் முதலாளிகிட்ட பேசறேன். சத்தியமா பேசறேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆம்பூருக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் ஒரு ஜே.சி.பி. கால்வாய் தோண்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தின் ஓரத்தில், மண்ணுக்கு வெளியே, ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்று வெட்டுப்பட்டுத் தொங்கியது. உள்ளே நூல் நூலாக இன்டர்நெட் கேபிள். பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நிலையத்தில் கூட்டம். ஆபித் பாஷா தலையில் தொப்பியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் போன் கையிலேயே இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில், நிழலில், நீலத் தார்ப்பாய். அதன் கீழிருந்து இரண்டு பாதங்கள். போலீஸ் வரட்டும் என்று யாரும் நகர்த்தவில்லை. ஆணியில் சாப்பாட்டுப் பை அப்படியே தொங்கியது.

ஹேமலதா தார்ப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள். தொட்டி திறந்தே கிடந்தது. அதன் விளிம்பில் நாலைந்து பேர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளிப் போங்க" என்றாள். யாரும் நகரவில்லை.

நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பெட்டி ஒரு மூலையில் இருந்தது. மேலே ஒட்டிய தாளில் 'ஸ்கிராப்' என்று எழுதியிருந்தார்கள். தூக்கிக்கொண்டு பேனல் ரூமுக்கு வந்தாள். புதிய கருவியிலிருந்து சென்சார் ஒயரைப் பிடுங்கினாள். சும்மா தொங்கிக்கொண்டிருந்த சைரன், ஃபேன் ஒயர்களை எடுத்தாள். மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரி வரியாக ஓடின. எதையும் கேட்கவில்லை. தானே எழுந்து, தானே புரோகிராமை ஆரம்பித்து, தானே சென்சாரைக் கேட்டது.

சைரன் அலறியது.

நிலையமே அதிர்ந்தது. தொட்டி விளிம்பில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். பெரிய ஃபேன் கிறீச்சிட்டுச் சுழல ஆரம்பித்தது. ராமமூர்த்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பேனல் ரூமுக்கு ஓடி வந்தார்.

"நிறுத்தும்மா! ஆள் செத்துக் கிடக்கறப்போ எதுக்கு இது? நிறுத்து!"

"வாயு இறங்கினா அதுவே நிறுத்தும் சார்."

வெளியே வந்தாள். கேட்டிலிருந்து ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள். ஷூ கம்பெனி யூனிஃபார்ம் கோட், தலையில் வேலைக்குக் கட்டும் துணித் தொப்பி. கையில் கத்தரிக்கோல் இருந்தது. தையல் மிஷினிலிருந்து எழுந்தவள் அதைக் கீழே வைக்க மறந்துவிட்டாள் போல. தேவசகாயத்தின் மனைவி அமிர்தவள்ளி. சௌந்தரம் ஓடிப்போய்த் தாங்கினாள். அமிர்தவள்ளி அழவில்லை. தார்ப்பாயைப் பார்த்தாள். பாதங்களைப் பார்த்தாள். பின்பு தலையைத் தூக்கி, அலறிக்கொண்டிருந்த சைரனைப் பார்த்தாள். ஹேமலதாவைப் பார்த்தாள்.

"இதான் அந்தப் பொட்டியா?" சைரன் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. "தெனம் சொல்வாரு. மேடம் பொட்டி இருக்குது, எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. மத்தியானம் இந்தச் சத்தம் எங்கம்மா போச்சு?"

ராமமூர்த்தி முன்னால் வந்தார். "அம்மா, அவர் யாரையும் கேக்காம..."

"கேட்டாரு" என்றாள் ஹேமலதா.

ராமமூர்த்தி வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஹேமலதா நிறுத்தவில்லை.

"கேட்டாருக்கா. எனக்கு போன் பண்ணிக் கேட்டாரு. பொட்டிய அதுக்கு முன்னாலயே கழட்டிட்டாங்க. அது எனக்குத் தெரியாது. நான் சுவத்துல ஒரு நம்பரைப் பார்த்தேன். இறங்கலாம்னு சொன்னேன்."

கேட்டுக்கு வெளியே போலீஸ் ஜீப் வந்து நின்றது. அமிர்தவள்ளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து ஏதோ சொன்னாள். சைரனில் அது கேட்கவில்லை. அதைக் கேட்க ஹேமலதா இன்னும் பக்கத்தில் போனாள்.